எத்தனை சதுர அடி?

திருப்பதியில், கபிலதீர்த்தம் போகும் சாலைக்குப் பின்னால் இருக்கிறது சித்தி வீடு. இந்த சங்கராந்திக்கு மறுநாள் காலை அந்த வீட்டு மொட்டைமாடியில் நானும் சித்தி மகனும் ஒரு பாராசூட்டை விரித்தோம். கீழே வாசல் கோலத்தின் நடுவில் வைத்த கொப்பெம்மா சாண உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மேலே, சித்தி வடகம் பிழிகிற இடத்தில் நீலமும் ஆரஞ்சுமாக நைலான் துணி. நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தோம். மலைப்பக்கத்திலிருந்து லேசாகக் காற்று வரும்போதெல்லாம் துணி உப்பி எழுந்து மறுபடி தரையில் படிந்தது.

தம்பி டெக்சாஸில் படிக்கிறான். முப்பத்திரண்டு முறை விமானத்திலிருந்து குதித்திருக்கிறான். குதிப்பதற்கான உரிமம் வாங்கிய கையோடு இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெட்டியில் வைத்து ஊர்வரைக்கும் தூக்கி வந்துவிட்டான். எனக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக. எங்கள் குடும்பத்தில் இதைப் பார்த்துப் பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

“புதுசு மாதிரியே இருக்கு பாருக்கா. நூத்தம்பது தடவைதான் குதிச்சிருக்காங்களாம். பாதி விலை.”

எனக்குத் துணியின் நிறமோ பளபளப்போ கண்ணில் படவில்லை. குனிந்து அதில் தைத்திருக்கும் சின்ன வெள்ளைச் சீட்டைத் தேடினேன். தயாரித்த மாதம், வரிசை எண், அதன் கீழே அளவு: 135.

“உன் எடை என்னடா?”

“அறுபத்தாறு.”

மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, அப்படியே அந்தத் துணியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் இடது கணுக்காலில் இன்னும் ஒரு தகடும் திருகுகளும் இருக்கின்றன. பனிக்காலக் காலைகளில் அது தன் இருப்பைச் சொல்லும். அன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது சித்தூரில், மிட்டூர் பக்கம். நைனா தையல்காரர். பஜார் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் பதினைந்து நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டார். யூனிபார்ம் தைக்கிற காலம். அம்மா தூக்குச்சட்டியில் சோறு கட்டி என்னிடம் கொடுத்தனுப்புவாள். நான் போய் வெட்டுப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வந்து போகிற பிள்ளைகளின் அளவுகளை நோட்டில் எழுதுவேன். நைனா டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து ஒரு எண்ணைச் சொல்வார். நான் எழுதிய பிறகு, “ரெண்டு சேத்துக்கோ பாப்பா” என்பார். வளர்கிற பிள்ளை, இந்த வருஷம் தொளதொளவென்று இருந்தாலும் அடுத்த வருஷம் சரியாக நிற்கும். பாவாடைக்கு உள்ளே மூன்று விரற்கடை மடித்துத் தைப்பார். தேவைப்படும்போது பிரித்து இறக்கிக்கொள்ளலாம். “உடம்புக்குச் சரியா தெக்கறது கல்யாணத்துக்கு. பள்ளிக்கூடத்துக்குத் தாராளமா தெக்கணும்” என்பது அவர் கட்சி.

அளவு என்றால் என்ன என்று நான் முதலில் கற்றது அந்தக் கடையில். அதை மறந்ததற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

2002 ஏப்ரலில் ரேச்சல் தாமஸ் வட துருவத்தில், 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். வான்குடையோடு குதித்த இந்தியப் பெண்களில் ஒரு முன்னோடி அவர். 1979 இல் ஆக்ராவில் தொடங்கியவர். 2005 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சித்தூர் நூலகத்தில் அவரைப் பற்றிப் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அடுத்து 2004 இல் புணேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் அதே வட துருவத்தில் குதித்தார். அந்த இரண்டு பெயர்களையும் ஒரு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பாள்.

2012 இல் வேலை என்னைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. போன நாலாவது மாதம் பயிற்சிக்குப் பணம் கட்டினேன்.

பாராசூட் என்றதும் நம் கண்முன் வருவது வட்டக் குடை. ஆக்ராவில் நம் ராணுவ வீரர்கள் பயிற்சி எடுப்பது அதில்தான். ஆளைத் தரையில் சேர்ப்பது ஒன்றே அதன் வேலை. விளையாட்டுக்காகக் குதிக்கிறவர்கள் பயன்படுத்துவது வேறு வகை. டோமினா ஜால்பெர்ட் என்பவர், பட்டமும் பலூனும் செய்துகொண்டிருந்தவர், 1964 இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த வடிவம் அது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் குறுக்குத் தடுப்புகள். தலையணை உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்த மாதிரி ஏழு அல்லது ஒன்பது அறைகள். ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கம் வாய் திறந்திருக்கும். காற்று அதற்குள் புகுந்து உப்பியதும் துணி இறக்கையாகிவிடுகிறது. அது கீழே விழுவதைவிட அதிகமாக முன்னால் பறக்கும். இரண்டு கைகளிலும் இரண்டு பிடிகள் இருக்கும். இடதை இழுத்தால் இடம், வலதை இழுத்தால் வலம். தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக இழுத்தால் இறக்கை நிமிர்ந்து வேகம் செத்துப்போகும், கால் தரையில் பதியும். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். விமானத்திலிருந்து குதிப்பது ஒரு நொடிக் காரியம். ஃப்ளேர் கைவர மாதங்கள் ஆகும்.

பயிற்சியில் எனக்குக் கொடுத்தது 230 சதுர அடி. அப்போது என் எடை 52 கிலோ. முதுகில் ஏறும் மூட்டை, தலைக்கவசம், உடை எல்லாம் சேர்த்து 12 கிலோ. ஆக 64 கிலோ, அவர்கள் கணக்கில் 141 பவுண்டு. அந்த 141ஐ 230 ஆல் வகுத்தால் 0.61. ஒவ்வொரு சதுர அடித் துணியும் எத்தனை பவுண்டைத் தூக்குகிறது என்பதுதான் இந்த எண். விங் லோடிங் என்பார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் எவரும் 1.0 ஐத் தாண்டக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை.

அந்த 230 ஐப் பற்றி நன்றியோடுதான் நான் பேச வேண்டும். இருபத்தைந்து முறை அது என்னைத் தரையில் வைத்தது. ஃப்ளேரை ஒருமுறை மிகச் சீக்கிரம் இழுத்தேன், ஒருமுறை தாமதமாக இழுத்தேன், ஒருமுறை ஒரு கை முந்தி ஒரு கை பிந்தியது. முழங்காலில் மண் ஒட்டியது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் பிற்பகல் நான் மேலே இருக்கும்போதே காற்று வலுத்துவிட்டது. மாணவர்களுக்கு மணிக்கு 14 மைல் வரைதான் காற்று அனுமதி. நான் விமானத்தில் ஏறும்போது அதற்குள்தான் இருந்தது. காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பினேன். கீழே நிலம் நகரவில்லை. பிறகு அது முன்னோக்கி ஓட ஆரம்பித்தது. நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வேலியைத் தாண்டி ஒரு உழவு நிலத்தில் முதுகு தட்ட விழுந்தேன். காயமில்லை. ஆனாலும் அந்த இரவு தூக்கமில்லை.

அடுத்த வாரம் சொந்தமாக ஒரு செட் வாங்கப் போனேன். விற்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களை மாதிரி லேசான ஆளுக்கு 230 ஒரு பாய்மரம். 150 எடுங்கள், கணக்கு இன்னும் ஒன்றுக்குக் கீழேதான் இருக்கிறது” என்றார். கணக்குப் போட்டேன். 141 வகுத்தல் 150. 0.94. அவர் சொன்னது சரி. அந்த உழவு நிலம் வேறு மனசில் இருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த 0.94 எனக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாக எழுதப் போகிறேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கால் தேவைப்பட்டது, இன்னொருவருக்குத் தேவைப்படக் கூடாது.

முதலாவது வேகம். 0.61 இலிருந்து 0.94 க்குப் போனால் பாரம் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே கூடுகிறது. வேகம் அதன் வர்க்கமூலத்தின்படி கூடும். கிட்டத்தட்ட கால் பங்கு. கால் பங்கு வேகம்தானே என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும்போது எலும்பு வாங்கிக்கொள்வது ஆற்றலை, அது வேகத்தின் வர்க்கம். மறுபடி ஒன்றரை மடங்கு.

இரண்டாவது கயிறு. யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இது. பாராசூட்டைச் சின்னதாக்கும்போது துணி மட்டும் குறைவதில்லை, அதே விகிதத்தில் கயிறுகளும் குட்டையாகின்றன. 230 க்கும் 150 க்கும் நடுவில் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். புளியமரத்துக் கிளையில் கட்டிய ஊஞ்சலையும் வீட்டு உத்தரத்தில் கட்டிய ஊஞ்சலையும் நினைத்துப் பாருங்கள். நீளக் கயிறு நிதானமாகப் போய் வரும், குட்டைக் கயிறு படபடவென்று ஆடும். பாராசூட்டுக்குக் கீழே தொங்குகிற ஆளும் அப்படித்தான். சின்னக் குடையில் ஒரு பக்கம் இழுத்த கணமே அது திரும்பிவிடுகிறது, திரும்பும்போது மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாய்கிறது. எண்பது கிலோ ஆள் 200 சதுர அடியிலும், ஐம்பது கிலோ ஆள் 135 சதுர அடியிலும் ஒரே 1.01 ஐ வைத்துக்கொண்டு பறந்தாலும் இரண்டு பேரும் ஓட்டுவது ஒரே வண்டி அல்ல. எடை குறைந்தவர்களுக்கு, முக்கியமாக நம் ஊர்ப் பெண்களுக்கு, அந்த வகுத்தல் கணக்கு பொய் சொல்லும். பிரையன் ஜெர்மெய்ன் என்ற பயிற்றுநர் இதற்காகவே ஒரு அட்டவணை போட்டார். 1.0 இல் தொடங்கி, நூறு குதிப்புக்கு 0.1 தான் ஏற வேண்டும் என்பது அதன் அடிப்படை. சின்ன பாராசூட்டுக்கும் கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த நிலத்துக்கும் அதிலிருந்து இன்னும் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்கு இறங்கும்போது 15 சதவீதத்துக்கு மேல் இறங்காதே என்பது இன்னொரு விதி. நான் ஒரே தாவலில் 35 சதவீதம் இறங்கியிருந்தேன்.

நாற்பத்தொன்றாவது குதிப்பு. காலை நேரம், இதமான காற்று. மேலே எல்லாம் ஒழுங்காக நடந்தது, பாராசூட் அழகாகத் திறந்தது. இறங்கும் பாதையைத் தீர்மானித்துக் கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது காற்றின் திசை காட்டும் பையைப் பார்த்தேன். காற்று திசை மாறியிருந்தது. காற்று என் முதுகில் இருக்கிறது, நிலம் விரைந்து வருகிறது. சுமார் நூறடி உயரம். காற்றை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும் என்று கை தானாக இடது பிடியை இழுத்தது, 230 இல் இழுத்துப் பழகிய அதே அளவுக்கு. 230 யோசித்துத் திரும்பும். 150 யோசிக்கவில்லை. என் உடம்பு பக்கவாட்டில் வீசப்பட்டது, பாராசூட் என் தலைக்கு மேலே இல்லாமல் எனக்கு இணையாகக் கிடைமட்டத்தில் தெரிந்தது. அதுதான் நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது.

கணுக்காலில் இரண்டு எலும்பு. உயிருக்கு ஒன்றுமில்லை. இந்த விளையாட்டில் கெட்டுப்போன பாராசூட்டால் மட்டும் ஆட்கள் சாவதில்லை. முழுசாகத் திறந்த, ஒரு குறையும் இல்லாத பாராசூட்டின் கீழே, தரைக்குப் பக்கத்தில் திரும்பப் போய் செத்தவர்கள் ஏராளம். நான் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். திரும்பியே இருக்கக் கூடாது. காற்று முதுகில் இருந்தால் இருக்கட்டும். இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, நேராகப் போய், முழுசாக ஃப்ளேர் இழுத்து, கால்களைச் சேர்த்து உருண்டிருக்க வேண்டும். கை கால் சிராய்ந்திருக்கும். அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்துத் தாங்குகட்டையோடு சித்தூர் வந்தேன். அந்த பாராசூட்டையும் எடுத்துவந்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அம்மா அழுதாள், ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள், பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நைனா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு என் கட்டிலருகில் உட்கார்ந்தார்.

“எத்தனை மீட்டர் துணி பாப்பா அது?”

பையைப் பிரித்துக் கூடத்தில் விரித்துக் காட்டினேன். கூடம் போதாமல் பாதி சமையலறைக்குள் போயிற்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார். அத்தனை தையல்களையும். “மடிச்சு மடிச்சு ரெட்டை ஊசி ஓட்டியிருக்கான். கை சுத்தமான ஆளு” என்றார். துணியில் இருந்த பொடிக் கட்டங்களை விரலால் தடவினார். கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுவதற்காக நெசவிலேயே தடித்த இழை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் ஒரு ஓரத்தை எடுத்து வாயில் வைத்து ஊதினார். எந்தப் புதுத் துணியையும் அவர் அப்படித்தான் சோதிப்பார்.

“காத்து கொஞ்சம்கூட போகலையே.”

மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள், காற்று கசியாது, 1980களின் கடைசியில்தான் இந்தத் துணி வந்தது, அதற்கு முந்தைய துணியில் காற்று கசியும் என்றேன்.

கொஞ்சநேரம் யோசித்தார். “அப்போ கம்மித் துணியிலயே ஆளைத் தாங்குது. அதனாலதான் சின்னதா தெச்சு விக்கறாங்க.”

இந்த விளையாட்டின் முப்பது வருஷ வரலாறு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. காற்று கசியாத துணி வந்த பிறகுதான் பாராசூட்டுகள் சின்னதாயின, வேகம் கூடியது, நல்ல குடையின் கீழே கால் உடைகிற கதைகளும் கூடின. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஒரு தையல்காரர் துணியை ஊதிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“உனக்கு யூனிபார்ம் எப்படித் தெச்சேன்?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் பேசாமல், பாராசூட்டைப் பட்டுப்புடவை மடிப்பது மாதிரி மடித்து, பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டுத் தூங்கப் போனார். 2019 இல் அவர் போய்விட்டார். அவருடைய அங்குல டேப் என்னிடம் இருக்கிறது.

தாங்குகட்டையோடு ஊரில் இருந்த அந்த மாதங்களில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போவோம். எழுபது கிலோமீட்டர். பாதி வழியில் காதங்கி வரும். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் எங்களைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போயிருந்தார்கள். மலைகள் சூழ்ந்த ஒரு மைதானத்தில், 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில், 1,024 ஆன்டெனாக்கள். மொட்டைமாடி டிவி ஆன்டெனாக்களை வரிசை பிடித்து நட்டுவைத்த தோட்டம் போல இருக்கும். அங்கிருந்து 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்புகிறார்கள், காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்டு, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்கிறார்கள். கீழே ஒரு இலை அசையாத நேரத்திலும் மேலே வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று அன்று ஒரு விஞ்ஞானி சொன்னது பதின்மூன்று வயதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

பல வருஷம் கழித்துக் கலிபோர்னியாவில், தினமும் காலையில் விமானம் கிளம்பும் முன் பலகையில் எழுதிப்போடுகிற முதல் விஷயம் அதுதான்: 3,000 அடியில் காற்று, 6,000 அடியில், 9,000 அடியில், 12,000 அடியில். வளிமண்டலத்தை முதலில் அளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அதில் காலை வைக்க வேண்டும். காற்று வலுத்த நாளில் என்னைப் பின்னால் தள்ளியதற்காக நான் 230 ஐக் குற்றம் சொன்னேன். குற்றம் 230 இன் மேல் இல்லை. லேசான ஆள் பெரிய குடையில் குதிப்பதென்றால் காற்று வலுக்கும் பருவத்தில் பிற்பகலில் ஏறக் கூடாது, காலையில் குதித்துவிட்டு மத்தியானம் மரத்தடியில் உட்கார வேண்டும். காரில் காதங்கியைக் கடக்கும்போது இது எனக்குப் புரிந்தது. காற்றுக்கு ஈடுகொடுக்கத் துணியைக் குறைக்கக் கூடாது. நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து அம்மாவின் வேண்டுதலுக்காக அலிபிரியிலிருந்து 3,550 படிகளும் ஏறினேன். ஏறுவதில் சிரமமில்லை. இறங்குவதில்தான் கணுக்கால் பேசியது.

மொட்டைமாடிக்குத் திரும்புகிறேன்.

தம்பியிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன். உன் எடை 66, மூட்டை 12, மொத்தம் 78 கிலோ, 172 பவுண்டு. வகுத்தல் 135. அவனே போட்டான். 1.27.

“தெரியும்கா. கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா என் லேண்டிங் எல்லாம் நல்லா இருக்கு. எல்லாரும் சொல்றாங்க.”

அவன் பொய் சொல்லவில்லை. செல்போனில் வீடியோக்கள் காட்டினான். நின்றபடி, புல்லில் இரண்டடி வைத்து, அழகாக இறங்குகிறான். எல்லாம் 240 இல்.

“நல்லா இறங்கின நாளை வெச்சு அளவு எடுக்காதேடா. தப்பு பண்ணப்போற நாளை வெச்சு எடு” என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆகவே கீழே போய்க் காபி குடித்தோம், பிறகு அவனுக்கு ஒன்றைக் காட்டினேன். 2025 ஆகஸ்ட் 24 அன்று இஸ்ரோ நடத்திய சோதனையின் படம். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ககன்யான் கலத்தின் மாதிரியை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டைக்கு அப்பால் கடலில் போட்டது. நம் வீரர்கள் விண்வெளிக்குப் போய்த் திரும்பும்போது அவர்களைக் கடலில் இறக்க வேண்டிய பாராசூட்டுகளின் சோதனை அது. ஸ்ரீஹரிகோட்டை 2022 இல் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. சித்தி வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கலத்தில் மொத்தம் பத்து பாராசூட்டுகள். கடைசியில் விரிபவை மூன்று, ஒவ்வொன்றும் 25 மீட்டர் அகலம்.

“மூணுல ரெண்டு விரிஞ்சாலே போதும், பத்திரமா இறங்கிடலாம். அப்புறம் எதுக்கு மூணாவதை வெச்சாங்க?”

அவன் பொறியியல் மாணவன். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுபடி மாடிக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. இன்னொன்றும் சொன்னேன். சித்திரை வெயிலில் திருப்பதியில் 42 டிகிரி அடிக்கும்போது காற்று இளகிப்போகிறது. தரையில் நின்றாலும், காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை மூவாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் நிற்கிற மாதிரிதான். அதே பாராசூட், அதே ஆள், ஆனால் இறங்கும் வேகம் கூடும். டெக்சாஸ் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. ஏட்டில் 1.27 என்று இருப்பது ஜூலை மாதம் பிற்பகலில் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளும். இதையெல்லாம் தாங்குகிற கை அவனுக்கு வரும். ஐந்நூறு குதிப்புக்குப் பிறகு 135 அவனுக்குப் பொருத்தமாகவும் இருக்கலாம். முப்பத்திரண்டில் இல்லை.

“அப்போ எது வாங்கறது?”

“உனக்கு 190. அதுல நூறு தடவை குதி. காத்து முதுகுல இருக்கும்போது இறங்கிப் பழகு, குறுக்கால இறங்கிப் பழகு, பிடியைப் பாதி இழுத்துக்கிட்டே தட்டையாத் திரும்பக் கத்துக்கோ. இதெல்லாம் உயரத்துல பழகு, தரைகிட்ட வேண்டாம். அப்புறம் 170 பத்திப் பேசலாம்.”

172 வகுத்தல் 190 என்று அவனே எழுதினான். 0.91. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் பேசாமல் செங்கற்களை எடுத்தான். இருவருமாக 135 ஐச் சுருட்டினோம். சித்தி அதைத் தன் இரும்புப் பெட்டியில், கல்யாணப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். சம்பளம் வந்ததும் அவர்களில் சிலர் குதிக்கப் போகிறார்கள். இங்கேயும் ஹரியானாவின் நார்னோலில் ஓடுதளம் இருக்கிறது, போகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 13,000 அடியிலிருந்து பூமியைப் பார்த்த காலைகள் என் வாழ்க்கையின் நல்ல காலைகள். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படிப் போனால் திட்டுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இதுவரை எத்தனை தடவை குதித்திருக்கிறாய்? உன் பாராசூட் எத்தனை சதுர அடி? விங் லோடிங் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை உட்கார்ந்து ஒருமுறை வகுத்துப் பார்க்கும்.

மார்ச் மாதம் தம்பி 190 வாங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அறுபத்தேழாவது குதிப்பு.